இறங்கும் வரைக்கும்

ரோஜா மாலையைக் கையில் ஏந்தியபடி மாவட்ட ஆஸ்பத்திரியின் பிணவறைப் பக்கம் திரும்பிய நாத்தனாரை அருணாதேவி ஓடிப்போய் மறித்தாள்.

"மதினி, அங்கன எங்க போறீக? மேல இருக்காக. உசுரோட இருக்காக."

குருவம்மாள் அப்படியே நின்றாள். ஆலங்குளத்திலிருந்து காரில் வரும் வழியெல்லாம் அழுது அவள் குரல் கட்டிப்போயிருந்தது. துக்கத்தில் தம்பி பெண்டாட்டிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்தாளோ என்னவோ, மாலையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு அருணாதேவியின் தோளைப் பிடித்தாள்.

"நீ மொதல்ல இங்கன உக்காரு தாயி."

"சத்தியமாச் சொல்றேன் மதினி. மூச்சு ஓடுது. இப்பத்தான் டாக்டர் பாத்துட்டுப் போனாக. தலையில அடி. இன்னும் கண்ணு முளிக்கல, அம்புட்டுத்தான்."

"போன்ல படத்தோட போட்டிருக்கே. அவன் வேல பாக்குற பேப்பர்லயே போட்டிருக்கே."

"தப்பாப் போட்டுட்டாக."

குருவம்மாள் மாலையைக் குனிந்து பார்த்தாள். தொடக்கூடாத எதையோ தூக்கி வந்துவிட்டவள்போல அதை உடம்பிலிருந்து விலக்கிப் பிடித்தாள். அருணாதேவி அதை வாங்கித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வைத்தாள். அங்கே ஏற்கெனவே ஒரு மாலை கிடந்தது. அவள் புருஷன் ராஜபாண்டியனோடு பள்ளியில் படித்தவர் ஒருவர் கொண்டுவந்தது. ஆள் சாகவில்லை என்று தெரிந்ததும் அவர் திண்டாடிப்போய், மாலையை அவளிடமே கொடுத்துக் கும்பிட்டுவிட்டு, இப்போது வேப்பமரத்தடியில் யார் முகத்தையும் பார்க்காமல் நின்றுகொண்டிருந்தார்.

அருணாதேவியின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தால் அந்தப் பக்கம் அழுகை, அல்லது "எப்ப எடுக்கீக?" என்ற கேள்வி. எல்லாருக்கும் ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி, அந்த வார்த்தைகளில் இருந்த நம்பிக்கையே தேய்ந்துகொண்டு வருவதுபோல அவளுக்கு இருந்தது.

ராஜபாண்டியன் சிவகாசியில் 'காலைத்தூதன்' நாளிதழின் நிருபர். போன பொங்கலோடு அந்தப் பத்திரிகை தென் மாவட்டங்களுக்கு அச்சடிப்பதை நிறுத்திவிட்டு முழுக்க இணையத்துக்கு மாறியிருந்தது. அதற்காக அவர் ஒன்றும் வருந்தவில்லை. ஐம்பது தாண்டிய வயதில் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டார். போனை நிறுத்திவைக்க ஒரு ஸ்டாண்டு வாங்கினார். வீட்டுக் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்த்தார். "பேப்பர்ல எளுதுனா எத்தன பேரு படிச்சான்னு எவனுக்குத் தெரியும்? இதுல பாரு தேவி, நான் பைக்க நிறுத்துறதுக்குள்ள ஆயிரம் பேரு பாத்துட்டான்" என்று சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் போனை வைத்துக் காட்டுவார். ஒன்றுதான் அவருக்கு ஒத்துவரவில்லை. முன்பெல்லாம் வெடிவிபத்து என்றால் சம்பவ இடத்துக்குப் போவார், ஆஸ்பத்திரிக்குப் போவார், போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவார், செத்தவரின் பெயரை வீட்டாரிடமே நேரில் கேட்டு வருவார். சாயங்காலம்தான் எழுத உட்காருவார். இப்போது புகை அடங்குவதற்குள் மதுரை அலுவலகத்துக்கு வீடியோ போயாக வேண்டும்.

அன்று காலையும் அப்படித்தான். தீபாவளி சீசன். ஆமத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் அறை வெடித்துவிட்டது என்று போன் வந்ததும் பாதி இட்லியில் எழுந்து போனார். அருணாதேவி தான் வேலை பார்க்கும் காலண்டர் கம்பெனிக்குப் போய்விட்டாள். பசை டப்பாமேல் போனைச் சாய்த்து வைத்து, அவருடைய நேரலையைப் பார்த்துக்கொண்டே தாள்களை அடுக்குவது அவள் வழக்கம். முள்வேலி தெரிந்தது. புகை தெரிந்தது. "இன்னும் கொஞ்சம் பக்கத்தில் போய்க் காட்டுகிறேன்" என்று அவர் எழுத்துத் தமிழில் சொன்னது கேட்டது. பிறகு ஒரு சத்தம். படம் புரண்டது. யாருடைய செருப்போ திரையைத் தாண்டி ஓடியது. அதற்கப்புறம் வானம் மட்டும் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது. அந்த வெறும் வானத்தையும் ஜனங்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்ப்பவர்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போயிற்று.

மறுபடி போன் அடித்தது. மகள் பிரீத்திகாவின் எண். கோயம்புத்தூரில் ஒரு மில் அலுவலகத்தில் வேலை. அப்பாவுக்கு அடிபட்டிருக்கிறது, கிளம்பி வா என்று காலையிலேயே அருணாதேவி சொல்லியிருந்தாள். இந்நேரம் பஸ் தாராபுரம் தாண்டியிருக்கும்.

பேசியது வேறு யாரோ ஒரு பெண்.

"ஏனுங்க, நீங்க இந்தப் புள்ளையோட அம்மாங்களா? நானு பஸ்ஸுல பக்கத்து சீட்டுங்க. போனப் பாத்துட்டே வந்துச்சு, திடீர்னு எந்திரிச்சு ஓடிப்போயி ஓடற பஸ்ஸுல படியில எறங்கப் பாத்துருச்சுங்க. கண்டக்டரு தாவிப் புடிச்சுட்டாரு. இல்லீன்னா..." அந்தப் பெண் மூச்சு வாங்கினாள். "அவிங்கப்பா தவறிட்டாருன்னு சொல்லுது. நெசமுங்களா?"

அருணாதேவி சுவரில் சாய்ந்துகொண்டாள். "இல்லம்மா. பொய். போன அவ காதுல வைங்க."

மூச்சு மட்டும் கேட்டது. பிறகு மகளின் குரல், மிகச் சின்னதாக. "அம்மா."

"பாப்பா, அப்பா இருக்காக. இந்தா, படிக்கு மேலதான் இருக்காக. நான் கண்ணால பாத்துட்டு வாரேன்."

"அப்பாவப் பேசச் சொல்லு."

"தலையில கட்டுப் போட்டிருக்கு பாப்பா. மயக்கத்துல இருக்காக. எப்படிப் பேசுவாக?"

"நம்ம பேப்பர்லயே போட்டிருக்காங்கம்மா. அப்பா போட்டோ போட்டு மெழுகுவத்தி படம் போட்டு..."

"போன்ல வர்றத நம்பாத. நான் சொல்றத நம்பு. நான் எப்பமாச்சும் உங்கிட்டப் பொய் சொல்லியிருக்கனா?"

"இல்ல" என்றாள் பிரீத்திகா. பிறகு சத்தமாக அழ ஆரம்பித்தாள். அழட்டும் என்று அருணாதேவி போனைக் காதில் வைத்துக்கொண்டே மாடிப்படிப் பக்கம் நடந்தாள். அழுது ஓய்ந்ததும் மகளே போனை வைத்தாள்.

படியின் அடியில் முனியராஜ் உட்கார்ந்திருந்தான். சொந்தமாக ஒரு யூடியூப் செய்திச் சேனல் நடத்துகிறவன். எந்தச் செய்தி என்றாலும் ராஜபாண்டியனோடு போட்டி போடுகிறவன். அவரைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஆம்புலன்ஸ் வரைக்கும் ஓடியவனும் அவன்தான். சட்டையின் முன்பக்கம் ரத்தம் காய்ந்து மொடமொடவென்று நின்றது.

"தம்பி, அந்த மதுரை ஆபீசு நம்பரப் போடுங்க" என்றாள் அருணாதேவி.

தன் போனில் போட்டு, ஸ்பீக்கரில் வைத்துக் கொடுத்தான். எடுத்தது எழில் என்ற பெண். செய்திகளை இணையத்தில் ஏற்றுகிறவள். ராஜபாண்டியன் வீட்டில் அடிக்கடி சொல்லும் பெயர்தான். ஒரு தடவைகூட நேரில் பார்த்ததில்லை என்று சொல்வார்.

"நான் ராஜபாண்டியன் வீட்டம்மா பேசுறேன்."

"அக்கா." குரல் உடைந்தது. "என்ன சொல்றதுன்னே தெரியலக்கா, இங்க ஆபீஸ்ல எல்லாரும்..."

"அவரு சாகலம்மா."

அந்தப் பக்கம் யாரோ தட்டச்சு செய்யும் ஓசை மட்டும் தூரத்தில் கேட்டது.

"முனியராஜ் அண்ணன்தான் போன்ல சொன்னாருக்கா. அண்ணன் போயிட்டாருன்னு..."

முனியராஜ் எழுந்து நின்றான். ஸ்பீக்கரில் அது அவனுக்கும் கேட்டது. "நான் ஆம்புலன்ஸ்ல போயிட்டாருன்னு சொன்னேன் தாயி. ஆம்புலன்ஸ்ல." அருணாதேவியைப் பார்த்துச் சொன்னான்: "அங்கன இன்னும் வெடிச்சுக்கிட்டே இருந்துச்சுக்கா. அந்தப் பிள்ளைக்குக் கடைசி வார்த்தை மட்டும்தான் கேட்டிருக்கு."

"திரும்பக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல" என்றாள் அருணாதேவி. அவள் குரலில் கோபம் வரவில்லை. அதற்கு நேரமில்லை. "எம் மக ஓடுற பஸ்ல இருந்து குதிக்கப் போயிட்டா."

"கேட்டிருக்கணும்க்கா" என்றாள் எழில். "நாலு பேரு போட்டுட்டாங்க, நம்ம நிருபரு செய்திய நாம கடைசியாப் போடுறதான்னு இங்க ஒரே... கேட்டிருக்கணும்."

சிறிது நேரத்தில் காலைத்தூதனின் இணையப் பக்கம் மாறிவிட்டது. முனியராஜ் காட்டினான். மெழுகுவத்தியைக் காணோம். 'நிருபர் படுகாயம், தீவிர சிகிச்சை' என்று இருந்தது. அதே புகைப்படம், அதே இடம். காலையிலிருந்து அப்படித்தான் இருந்தது என்பதுபோல இருந்தது. அச்சில் வந்த காலத்தில் தப்பு நேர்ந்தால் மறுநாள் ஒரு மூலையில் 'திருத்தம்' என்று கட்டம் கட்டிப் போடுவார்கள். ராஜபாண்டியன் அன்றைக்குப் பூராவும் வெளியே போகமாட்டார். இங்கே அப்படி எதுவும் தேவைப்படவில்லை. ஆனால் பழையதைப் படம்பிடித்து வைத்துக்கொண்டவர்கள் குழுவுக்குக் குழு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். வாசலில் இன்னொரு மாலை வந்து இறங்கியது. அருணாதேவி மறுபடி ஓடினாள்.

ஒரே இடத்தில் அவளால் நிற்க முடியவில்லை. மாடிக்கு ஏறினாள். தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவில் இருந்த வட்டக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். அங்கிருந்து அவருடைய கால்கள் மட்டும்தான் தெரியும். தெரிந்ததும் இறங்கினாள். பிணவறைப் பக்கம் வெடிவிபத்தில் செத்துப்போன மூன்று பெண்களின் குடும்பங்கள் தரையில் உட்கார்ந்திருந்தன. அவர்களைப் பற்றிப் போனில் வந்ததில் தப்பு ஒன்றும் இல்லை. அவர்களில் ஒருத்தி அருணாதேவியை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்காமல் மறுபடி மாடிக்கு ஏறினாள். குருவம்மாள் நடையில் உட்கார்ந்து, "இருக்கன்குடிக் கோயிலுக்கு நடந்தே வாரேன் ஆத்தா, கண்ணு மட்டும் முளிச்சுப் பாத்துட்டான்னா போதும்" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

பிற்பகல் சாய்ந்துகொண்டிருந்தபோது கதவு திறந்தது. நர்ஸ் அவளை மட்டும் உள்ளே வரச்சொன்னாள். அந்த 'மட்டும்' என்பதிலேயே அருணாதேவிக்குத் தெரிந்துவிட்டது.

டாக்டர் இளம்பெண். முகக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள். "எங்களால முடிஞ்சதெல்லாம் பண்ணிட்டோம்மா. உள்ள ரத்தக்கசிவு நிக்கல" என்றாள்.

அருணாதேவி தலையசைத்தாள். கட்டிலருகே போனாள். வாயில் இருந்த குழாயை எடுத்துவிட்டிருந்தார்கள். கட்டுக்குக் கீழே முகம் கொஞ்சம் வீங்கியிருந்தது. சாயம் பூசிய மீசையின் ஓரத்தில் காலையில் சாப்பிட்ட சட்னியின் துளி ஒன்று காய்ந்து ஒட்டியிருந்தது. இத்தனை பேர் அவரைத் தொட்டுத் தூக்கி, ஊசி போட்டுக் கட்டுப் போட்டும் அது போகவில்லை. அதை நகத்தால் சுரண்டி எடுத்தாள். போர்வையை இழுத்து விட்டாள். அழுகை வரப்போகிறது என்று நெஞ்சு சொன்ன நேரத்தில் கையில் போன் அதிர்ந்தது. மகளிடமிருந்து செய்தி. 'வாடிப்பட்டி தாண்டிட்டேன் அம்மா. அப்பா கண் முழிச்சாரா?'

வந்த அழுகை அப்படியே நின்றுபோயிற்று. ஓடுகிற பஸ்ஸின் படி அவள் கண்ணுக்குத் தெரிந்தது.

"டாக்டர், இத இப்ப வெளிய சொல்ல வேணாம்" என்றாள். "எம் மக தனியா பஸ்ல வந்துக்கிட்டிருக்கா."

"நாங்க சொல்ல மாட்டோம். ஆனா வெடிவிபத்து கேசு, போலீசுக்குத் தகவல் குடுத்தே ஆகணும். அங்க இருந்து பத்திரிகைக்காரங்களுக்குப் போயிரும்."

பத்திரிகைக்காரங்க என்று அந்தப் பெண் சொன்னபோது அருணாதேவி கட்டிலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

வெளியே வந்ததும் குருவம்மாள் அவள் முகத்தைப் பார்த்தாள். வாய் திறந்தது. சத்தம் கிளம்புவதற்குள் அருணாதேவி அவள்மேல் விழுந்து வாயைப் பொத்தினாள்.

"மதினி, அளாதீக. உங்க கால்ல விளுறேன், இப்ப அளாதீக. சத்தம் கேட்டா எவனாவது போன்ல படம் எடுத்துருவான். பாப்பா பாத்துருவா. அவ எறங்குற வரைக்கும் பொறுத்துக்கோங்க."

குருவம்மாளின் கண்கள் பிதுங்கின. தம்பி உயிரோடு இருந்தபோது ஆலங்குளத்திலிருந்து ஊரெல்லாம் கேட்க அழுதுகொண்டு வந்தவள். அவள் மெல்லத் தன் முந்தானையைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தாள். முதுகு மட்டும் குலுங்கியது.

அருணாதேவி கீழே இறங்கினாள். வாசலுக்கு எதிரே டீக்கடை முன்பாக நிருபர்கள் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். தொலைக்காட்சிக்காரர்கள், இணையப் பத்திரிகைக்காரர்கள், முனியராஜைப் போலச் சொந்தச் சேனல் வைத்திருப்பவர்கள். எல்லாருமே ராஜபாண்டியனுக்குப் பழக்கமானவர்கள். அவள் சாலையைத் தாண்டி வருவதைப் பார்த்ததும் பேச்சு நின்றது. ஒருவர் பழக்கதோஷத்தில் போனை உயர்த்திவிட்டு, உடனே இறக்கிக்கொண்டார்.

"உங்க அண்ணன் போயிட்டாக" என்றாள் அருணாதேவி.

இந்தத் தடவை யாரும் அந்த வார்த்தையைத் தப்பாகக் கேட்கவில்லை. முனியராஜ் பெஞ்சில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான்.

"போலீஸ்ல சொல்லி நீங்க தெரிஞ்சுக்கிறதுக்குள்ள நானே சொல்லிருவோம்னு வந்தேன். எம் மக பஸ்ல வந்துக்கிட்டிருக்கா. காலையில நீங்கள்லாம் போட்டதப் பாத்துட்டுத்தான் குதிக்கப் போனா. அவ வந்து எறங்குற வரைக்கும் யாரும் போட வேணாம். எறங்குனதுக்கு அப்புறம் எம்புட்டு வேணாலும் போட்டுக்கோங்க. போட்டோ வேணும்னாலும் நானே தாரேன்."

கண்ணாடி போட்ட ஒருவர் தொண்டையைச் செருமினார். "எங்களுக்கு மனசு இருக்குக்கா. ஆனா நாங்க போடலைன்னா வேற எவனாவது போடப்போறான். அப்புறம் ஆபீஸ்ல எங்களப் பிடிச்சுக் கேப்பாக, சம்பவ இடத்துலயே நின்னுக்கிட்டு உனக்கு எப்படித் தெரியாமப் போச்சுன்னு."

"கேட்டா என்ன சொல்லுவீக?"

அவர் டீக் கிளாசைப் பெஞ்சில் வைத்தார். "தெரியலைன்னு சொல்றேன்" என்றார். போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். பக்கத்தில் இருந்தவரும் போட்டுக்கொண்டார். மற்றவர்களும் ஒவ்வொருவராக. ஒருவர் மட்டும் யாருக்கோ போன் செய்து, மெல்லிய குரலில், "இல்ல சார், இன்னும் கன்ஃபார்ம் ஆகல. ஆமா, இங்கதான் நிக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே தள்ளிப் போனார்.

எழிலை அவளே கூப்பிட்டாள். விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பெண் அழுதாள். அருணாதேவி அவள் முடிக்கட்டும் என்று காத்திருந்தாள். தான் இன்னும் அழவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"ஏம்மா, நீ அளுதது போதும். எம் மக உங்க பக்கத்தத்தான் திறந்து திறந்து பாத்துக்கிட்டு வாரா. அதுல இப்ப இருக்கிறபடியே இருக்கட்டும்."

"தீவிர சிகிச்சைன்னே இருக்கும்க்கா" என்றாள் எழில். "எடிட்டர் கேட்டாலும் நான் மாத்த மாட்டேன்."

பிறகு காத்திருப்பதைத் தவிர வேலை இல்லை. காத்திருக்கத்தான் அவளால் முடியவில்லை. ஏதோ தாள்களில் கையெழுத்துக் கேட்டார்கள், போட்டாள். போலீஸ்காரர் ஏதோ கேட்டார், சொன்னாள். நடுவில் பிரீத்திகா கூப்பிட்டாள்.

"அம்மா, நம்ம பேப்பர்ல இன்னும் தீவிர சிகிச்சைன்னுதான் போட்டிருக்கு. அப்ப நல்லதுதானம்மா? ஏதாச்சும்னா மாத்தியிருப்பாங்கல்ல?"

அருணாதேவி பேச்சை மாற்றினாள். "நீ சாப்பிட்டியா?"

"பக்கத்து சீட்டு அக்கா முறுக்கு குடுத்தாங்க. அப்பா எப்படிம்மா இருக்காரு?"

"அப்பாகிட்ட இருந்துதான் இப்ப வாரேன். நீ கலெக்டர் ஆபீஸ் ஸ்டாப்புல எறங்கிரு. நான் அங்கன வந்து நிக்கிறேன்."

பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு வார்த்தையாகப் பார்த்து, பொய் இல்லாத இடத்தில் கால் வைத்து நடக்க வேண்டியிருந்தது.

குருவம்மாளை மாடியில் தம்பியோடு விட்டுவிட்டு, அருணாதேவி முனியராஜின் பைக்கில் ஏறினாள். அவன் யாரிடமோ ஒரு சட்டை வாங்கி மாற்றியிருந்தான். தோளில் அது பிடித்தது. நாலுவழிச்சாலையில் ஏறும்போது வெயில் மஞ்சளாகியிருந்தது. லோடு ஏற்றிய லாரிகள் வரிசையாக வடக்கே போய்க்கொண்டிருந்தன. நிறுத்தத்தில் இறங்கி நின்றதும் முனியராஜ் போனை எடுத்துப் பார்த்தான். பார்த்தவன் அதை அவளிடம் காட்டவில்லை.

"என்ன தம்பி?"

"சென்னையில இருந்து எவனோ போட்டுட்டான்க்கா." சாலையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "போலீஸ் தகவல்னு போட்டிருக்கான். எல்லாக் குரூப்புலயும் வர ஆரம்பிச்சிருச்சு."

பஸ் எங்கே வருகிறது என்று அவர்களுக்குத் தெரியாது. திருமங்கலமாக இருக்கலாம், கள்ளிக்குடியாக இருக்கலாம். மகளின் போன் அவள் கையில்தான் இருக்கும். திரையைப் பார்த்துக்கொண்டுதான் வருவாள்.

அருணாதேவி மகளைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அடிக்க அடிக்க அவள் சாலையோரத்தில் முன்னும் பின்னும் நடந்தாள்.

"சொல்லும்மா."

"எங்கன வார?"

"திருமங்கலம் தாண்டியாச்சு. என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. சும்மாதான் கூப்பிட்டேன்." போன் காதில் இருக்கும் வரைக்கும் திரை மகளின் கண்ணுக்குத் தெரியாது. அவளுக்கு அது மட்டும்தான் ஓடியது. "இந்த வருசம் நம்ம கம்பெனிக்கு சிங்கப்பூர்ல இருந்து ஆர்டர் வந்திருக்கு பாப்பா. முருகன் படம் போட்டு. மயிலு நல்லா வரலைன்னு மொத லோட அப்படியே திருப்பி அனுப்பிட்டான்."

"ம்."

"எங்க மேனேஜரு சொல்றாரு, மயிலு சிரிக்கிற மாதிரி இருக்காம். மயிலு எங்கயாச்சும் சிரிக்குமா? நாங்க உக்காந்து ஒரே சிரிப்பு. பக்கத்து வீட்டு அளகுமீனாவுக்கு வளைகாப்பு வச்சிருக்காக, அதச் சொன்னனா உங்கிட்ட?"

"இல்ல. அம்மா, சார்ஜ் கொஞ்சம்தான் இருக்கு."

"இருக்கட்டும். இருக்கிற வரைக்கும் பேசு. அவ மாமியாவுக்கும் அவ அம்மைக்கும் சேலை எடுக்கிறதுல சண்ட. தாய்வீட்டுச் சேலைய மொதல்ல கட்டணுமா மாமியா எடுத்தத மொதல்ல கட்டணுமான்னு. தெருவே கூடிப் பேசுச்சு." லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. அது போகும் வரைக்கும்கூட அவள் பேச்சை நிறுத்தவில்லை. மாடிப்படிக்கடியில் பூனை குட்டி போட்டதைச் சொன்னாள். குழாயில் தண்ணீர் மஞ்சளாக வருவதைச் சொன்னாள். முருங்கைமரத்தில் கம்பளிப்பூச்சி ஏறிவிட்டது, கிளையை வெட்ட ஆள் தேட வேண்டும் என்றாள். யார் வெட்டுவது என்று சொல்ல வந்து, அந்த வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டு மறுபடி அழகுமீனாவின் மாமியாருக்குப் போனாள்.

முனியராஜ் பைக்கின் அருகே நின்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அம்மா" என்றாள் பிரீத்திகா.

"என்ன பாப்பா?"

"நீ இம்புட்டு நேரம் எங்கூடப் போன்ல பேசுனதே இல்லியே."

போனில் பஸ் எஞ்சினின் இரைச்சல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. போனை வெட்டிவிட்டுத் திரையைப் பார்க்கப் போகிறாள் என்று அருணாதேவி பயந்தாள். ஆனால் மகள் வெட்டவில்லை.

"சரி, சொல்லு" என்றாள் பிரீத்திகா. குரல் மாறியிருந்தது. "அந்தச் சேலை என்னாச்சு?"

அதற்குப் பிறகு அவள் அப்பாவைப் பற்றிக் கேட்கவில்லை. "ம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டு வந்தாள். அம்மாவுக்குப் பேச்சு தேயும்போதெல்லாம் "அப்புறம்?" என்றாள். கள்ளிக்குடி தாண்டியாச்சு என்று ஒருமுறை சொன்னாள். அருணாதேவி சொல்லிக்கொண்டே இருந்தாள்.

கோயம்புத்தூரிலிருந்து வரும் திருநெல்வேலி பஸ் விளக்கைப் போட்டுக்கொண்டு வந்து, நிறுத்தத்தைக் கொஞ்சம் தாண்டி நின்றது. படியில் பிரீத்திகா நின்றிருந்தாள். ஒரு கையால் கம்பியைப் பிடித்திருந்தாள். மறு கையால் போனைக் காதோடு அழுத்தியிருந்தாள். அவள் தோளைப் பின்னாலிருந்து ஒரு நடுத்தர வயதுப் பெண் பிடித்துக்கொண்டிருந்தாள். பிரீத்திகா இறங்கி நடந்து வந்தாள். அம்மாவின் குரல் முன்னால் இருந்தும் காதிலிருந்தும் வந்தது. ஓரடி தூரத்தில் வந்து நின்று, மெல்லப் போனை இறக்கினாள்.

அருணாதேவி இறக்கவில்லை. எதிரே நிற்கும் மகளைப் பார்த்தபடியே, "பலகாரம் ஏளு வகை செய்யணும்ல, அதிரசத்துக்குப் பாகு எடுக்கத்தான் ஆளில்லையாம், அதுக்கு என்னையத்தான் கூப்பிட்டிருக்காக" என்று போனுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள்.